மீதி 6187

பாளையங்கோட்டை
12-2-2006

என் அருமைத் தம்பி ஞானத்துக்கு,

அக்கா லலிதாம்பாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். நீயும் சாந்தாவும் ஸ்ரீஜாவும் எப்படி இருக்கீங்கன்னு விவரமா எழுது. சாந்தாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நான் ரிட்டயர் ஆகி பன்னிரண்டு நாள் ஆச்சு. முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து, கேட்ட நம்பரையெல்லாம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த வாய், சும்மா இருக்க மாட்டேங்குது. அத்தான் தோசை மூணுன்னா, "மூணு"ன்னு திருப்பிச் சொல்லுதேன். மனுஷன் சிரியா சிரிக்காரு.

தகரப்பெட்டியை ஒதுங்க வெச்சப்ப 1965ல நீ எழுதின காயிதம் ஒன்னு கிடைச்சுது. அம்மா போனபிறகு நான் பெரியம்மா வீட்டுலயும் நீ விருதுநகர்ல சித்தப்பா வீட்டுலயும் கிடந்தோமே, அப்ப எழுதினது. "அக்கா, என் எஸ்.எஸ்.எல்.சி. நம்பர் 6187. உன்னுது 7897. ரெண்டுமே உருப்படாது. உன்னுது 53ஆல மீதியில்லாமப் போகுது, என்னுது 23ஆல போகுது. ஆனா ரெண்டையும் ஒட்டி 78976187ன்னு எழுதினா, நூறு வரைக்கும் எதாலயும் போகலை"ன்னு எழுதியிருக்கே. கீழே பெரிசா, "நம்மளை ஒட்டி வெச்சா உடையாது"ன்னு போட்டு ரெண்டு கோடு. பதினாறு வயசுப் பயலுக்கு என்ன வீறாப்பு பாரு.

நூறோட நிறுத்திட்டோமே, மிச்சத்தையும் பார்த்துட்டா என்னல? எதாலயும் போகாத பகா எண்தானான்னு தெரிஞ்சுக்க 8887 வரைக்கும் பார்த்தாப் போதும். அதுக்கு மேல ஒன்னு வகுத்தா அதோட ஜோடி கீழே இருந்தாகணும். 9000 வரைக்கும் உள்ள பகா எண்ணையெல்லாம் சலிச்சு எடுத்து நோட்டுல எழுதிட்டேன், ஒரு பிரதி இதோட வெச்சிருக்கேன். நாலாயிரம் வரை எனக்கு, மேலே உள்ளது உனக்கு. ஆளுக்கு ஐந்நூத்தம்பது சொச்சம் கணக்கு.

சட்டம் மூணு. ஒன்னு, கால்குலேட்டரும் கம்ப்யூட்டரும் தொடக்கூடாது. ரெண்டு, போன்லயும் நேர்லயும் இதைப் பேசக்கூடாது, கணக்கு காயிதத்துல மட்டும். மூணு, ஒருத்தர் எழுதின மீதியில ஏதாவது ஒன்னை மத்தவங்க திருப்பிப் போட்டுப் பார்க்கணும், எக்ஸ்சேஞ்சுல செய்யுத மாதிரி.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லு.

அக்கா


குகட்பள்ளி, ஐதராபாத்
27-2-2006

அன்புள்ள அக்காவுக்கு,

சிவஞானம் வணக்கத்தோடு எழுதுவது. எல்லாரும் நல்லா இருக்கோம். சாந்தா முழங்காலுக்கு ஏதோ தைலம் போட்டுக்கிட்டு, மூணாவது மாடியைத் திட்டிக்கிட்டே ஏறி இறங்குறா. அத்தானுக்கு என் வணக்கம்.

உனக்கு வேலை இல்லேன்னா எனக்கும் இல்லையா? ஆனாலும் உன் நோட்டைப் பார்த்ததும் கை அரிச்சுது. அன்னைக்கே பஸ்ல ஆரம்பிச்சுட்டேன். பட்டான்செருவுல இருக்கிற லேபுக்கு வேலைக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒன்னரை மணி நேரம். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஏதோ ஜாதகம் கணிக்கிறேன்னு நினைச்சு, தன் மகனுக்கும் பார்க்கச் சொன்னார்.

4001க்கு மீதி 448. 4003க்கு மீதி முழுசா 1000. நானே நாலு தடவை போட்டுப் பார்த்தேன். மத்த முப்பதும் தனித்தாள்ல இருக்கு. எதாலயும் போகலை.

ஸ்ரீஜாதான் சிரிக்கிறா. மாதாப்பூர்ல கம்ப்யூட்டருக்கு முன்னால உட்கார்ந்திருக்கிற பொண்ணு, "நான்னா, ஒன் செகண்ட் சாலு, நேனு சொல்றேன்"கிறா. அப்பா, ஒரு செகண்ட் போதும்னு அர்த்தம். தெலுங்கு பாதி, இங்கிலீஷ் பாதி, நமக்காகத் தமிழ் ஒரு வார்த்தை. தொட்டா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கோ அக்கா. ரிட்டயர் ஆனவங்க திடீர்னு ஓய்ஞ்சு போறதைப் பார்க்கிறேன்.

அன்புத் தம்பி
சிவஞானம்


பாளையங்கோட்டை
20-4-2006

அன்புத் தம்பி ஞானத்துக்கு,

அக்கா எழுதுவது. நலமா இருக்கீங்கன்னு நம்புதேன். இங்கே அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை.

பதில் எழுத இம்புட்டு நாளாயிட்டு, கோவிச்சுக்காதே. ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. ரெண்டு தடவை. எனக்கு வயித்துல கொஞ்சம் மந்தம், சாப்பிட்டா நெஞ்சுல நிக்குது. கல்யாணச் சாப்பாடா இருக்கும்.

4003க்கு மீதி 1000ங்கிறதை நான் நம்பலை, திருப்பிப் போட்டேன். சரிதான். உனக்குன்னு வாய்க்குது பாரு. எனக்கு வந்ததெல்லாம் மூளியும் மொண்ணையும். 17க்கு மட்டும் மீதி 1. மயிரிழையில தப்பிச்சிருக்கு நம்ம நம்பர். இப்ப 1900 தாண்டிட்டேன், இன்னும் முழுசா நிக்குது.

ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து போட்டா நேரம் போறதே தெரியலை. கல்யாண வீட்டுக்காரங்க ஒருத்தரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதைச் சொல்லுதேன்.

சாந்தாவைப் படியேறாம இருக்கச் சொல்லு. காய்கறிக்குக் கூடையைக் கயிறு கட்டி இறக்கினா என்ன?

அக்கா


குகட்பள்ளி
6-5-2006

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூணு பேரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்குது. எங்க லேபுல ஏ.சி. மிஷினுக்குத்தான், மனுஷனுக்கு இல்லை, ஆனாலும் ஓரமா நின்னுக்கலாம்.

கல்யாணம் யார் வீட்டுதுன்னு எழுதலையே. மதுரையில நமக்கு யாரு இருக்கா? ரெண்டு தடவை போற அளவுக்கு நெருக்கமானவங்க யாருன்னு நானும் சாந்தாவும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டோம். ஒருத்தரும் அகப்படலை. வயிறு எப்படி இருக்கு? அந்த மந்தத்துக்கு டாக்டர் என்ன சொன்னார்னு ஒரு வரி எழுது.

நான் 5003 வரைக்கும் வந்திருக்கேன். தாள் உள்ளே. உன் 17ஐத் திருப்பிப் போட்டேன், சரி.

சிவஞானம்


பாளையங்கோட்டை
15-7-2006

அன்புத் தம்பிக்கு,

ரெண்டு மாசம் கழிச்சு எழுதுதேன். எல்லாரும் நல்லா இருப்பீங்க. நானும் இருக்கேன். எழுத்து கோணலா இருந்தா பேனாவைத் திட்டு.

கல்யாணத்தைப் பத்தி நோண்டாதே. முடிஞ்சு போச்சு.

என் பங்கு முடிஞ்சுட்டுது ஞானம். கடைசி எண் 3989, மீதி 1965. அந்த 1965ஐப் பார்த்ததும் நோட்டை மூடி வெச்சுட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து உன் காயிதத்தை எடுத்தேன். நீ அந்தக் காயிதம் எழுதின வருஷம்லா. உன்னைச் சித்தப்பா கையைப் பிடிச்சு விருதுநகர் பஸ்ல ஏத்தினப்ப நான் படிக்கட்டுக் கம்பியை விடலை, ஞாபகம் இருக்கா? கண்டக்டர் விரலை ஒவ்வொன்னா எடுத்துவிட்டான். அதுக்கப்புறம் நமக்கு ஒரே வீடுன்னு ஒன்னு வாய்க்கவே இல்லை. இந்த நம்பர்லதான் ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு இருக்கோம். சிறுபிள்ளைத்தனம்தான். இருக்கட்டும்.

நீ கொஞ்சம் விரசா போடு. கார்த்திகைக்குள்ள முடிச்சிரலாமா? அது உடையலேன்னு தெரிஞ்சுட்டா எனக்கு நிம்மதி. வேற அவசரம் ஒன்னும் இல்லை.

லீவு போட்டு ஓடி வராதே. தீபாவளிக்கு வந்தாப் போதும்.

அக்கா


குகட்பள்ளி
10-8-2006

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அத்தான் போன்ல பேசினார். பொதுவாத்தான். மழை உண்டான்னு கேட்டார், உண்டுன்னேன்.

நீ சொன்னபடி விரசா போடுறேன். ஒரு நாளைக்கு அஞ்சு, லீவு நாள்ல பத்து. 6199 தாண்டிட்டேன். எதாலயும் போகலை, போகவும் போகாது. உன் 3989ஐத் திருப்பிப் போட்டேன். 1965 சரி.

படிக்கட்டுக் கம்பி ஞாபகம் இருக்கு அக்கா. அதைப் பத்தி இவ்வளவுதான் எழுத முடியுது.

நேரத்துக்குச் சாப்பிடு. கஞ்சியா இருந்தாலும் சரி.

சிவஞானம்


குகட்பள்ளி
18-9-2006
(தபாலில் சேர்க்காத கடிதம்)

அக்கா,

உடைஞ்சு போச்சு.

வெள்ளிக்கிழமை பஸ்ல 7919ஆல வகுத்தேன். மீதி சைபர். பஸ் குலுக்கல்ல தப்புப் பண்ணியிருப்பேன்னு லேபுல உட்கார்ந்து போட்டேன். சைபர். மூணு நாள்ல ஒன்பது தடவை போட்டுட்டேன். கடைசியில வெட்கத்தை விட்டு ஸ்ரீஜாகிட்ட கால்குலேட்டர் கேட்டேன். சட்டத்தை மீறிட்டேன். நான் தப்புன்னு அந்த மிஷினாவது சொல்லட்டும்னுதான். அதுவும் சைபர்னுது. ஈவு என்ன வந்துதுன்னுகூட நான் பார்க்கலை. அந்த சைபரையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

எனக்கு எல்லாம் தெரியும் அக்கா. மதுரையில கல்யாணம் இல்லை, இரைப்பையில கட்டின்னு ஆகஸ்டுலயே அத்தான் போன்ல அழுதுட்டார். கார்த்திகை வரைக்கும் தாங்கினாலே பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். எனக்குத் தெரிஞ்சதா நீ நினைக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். "அது உடையலேன்னு தெரிஞ்சாப் போதும், நான் பைய கிளம்பிருவேன்"னு அவர்கிட்ட நீ சொன்னியாமே. இப்ப நான் என்ன எழுத? ஐம்பத்தேழு வயசுல எனக்கு உன்கிட்ட ஒரு கணக்கைக்கூட மறைச்சுப் பழக்கம் இல்லை. லேபுல ஒரு ரீடிங்கை மாத்தி எழுதச் சொன்னாங்கன்னு ரெண்டு கம்பெனியை விட்டவன் நான்.

இதை அனுப்ப மாட்டேன்.


குகட்பள்ளி
19-9-2006

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். எல்லாரும் சுகம். இங்கே பிள்ளையாரையெல்லாம் கரைச்சு முடிச்சுட்டாங்க, ரோட்டுல இப்பத்தான் பஸ் ஒழுங்கா ஓடுது.

இந்தத் தடவைப் பட்டியல்:

7901 – மீதி 5692
7907 – மீதி 1071
7919 – மீதி 6187
7927 – மீதி 7413
7933 – மீதி 3172

முந்தினது நூத்திச் சொச்சம் தனித்தாள்ல இருக்கு. எதாலயும் போகலை. இன்னும் நூறுதான் பாக்கி. தீபாவளிக்கு நாங்க மூணு பேரும் வர்றோம், டிக்கெட் எடுத்தாச்சு.

சிவஞானம்


பாளையங்கோட்டை
8-10-2006

அன்புத் தம்பி ஞானத்துக்கு,

உன் காயிதம் வந்து ரெண்டு வாரம் ஆகுது. அசதி, அதான் உடனே எழுதலை. உங்க எல்லாருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

7907ஐத் திருப்பிப் போட்டேன். 1071, சரி.

இனிமே நான் திருப்பிப் போட மாட்டேன். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். மிச்சத்தையும் முடிச்சிரு, பாதியில விட்டுராதே.

ஸ்ரீஜாவுக்கு அதிரசம் பிடிக்குமா? அவ எந்த பாஷையில வேணும்னாலும் கேட்கட்டும், அத்தான் சுட்டுக் குடுப்பாரு. நான் உட்கார்ந்து பக்குவம் சொல்லுவேன்.

அக்கா


குகட்பள்ளி
30-10-2006

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நல்லபடியா வந்து சேர்ந்தோம். வழி நெடுக ஸ்ரீஜா அத்தையைப் பத்தியேதான் பேசினா, அதுவும் தமிழ்லயே. எனக்கே ஆச்சரியம்.

அங்கே அஞ்சு நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்துலயே இருந்தும் நம்பரைப் பத்தி நான் வாய் திறக்கலை. நீயும் கேட்கலை. நம்ம சட்டம் அப்படி. இப்ப எழுதுறேன். முடிஞ்சுது அக்கா. கடைசி எண் 8867, மீதி 6685.

ஆயிரத்து நூத்தி ஆறு பகா எண். ஒன்னாலயும் போகலை. உடையலை.

கிளம்பும்போது என் கையை விட்டதும் நீயேதான், நான் இல்லை. அது எனக்கு மனசுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கு.

உன் தம்பி
ஞானம்


பாளையங்கோட்டை
4-12-2006

அன்புள்ள மாப்பிள்ளை சிவஞானத்துக்கு,

அத்தான் ராமசுவாமி எழுதுவது. நீங்கள் காரியம் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்த விவரம் சாந்தா போனில் சொன்னாள். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். வீட்டில் யாரும் எதையும் திருப்பிச் சொல்வதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். உடையலை என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "முடிச்சுட்டான் பார்த்தீங்களா" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான்.

இந்த நோட்டை, எல்லாம் ஓய்ந்தபிறகு உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள். கணக்கு எனக்குப் புரியாது. கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு ஏதோ எழுதி வைத்திருக்கிறாள். நான் படிக்கவில்லை.

எல்லோருக்கும் என் ஆசிகள்.

ராமசுவாமி


(நோட்டின் கடைசிப் பக்கம்)

6-10-2006

ஏல ஞானம்,

நீ நல்லா இருக்கியான்னு கேட்க மாட்டேன். இதைப் படிக்குத அன்னைக்கு நீ நல்லா இருக்க மாட்டே.

7919க்கு மீதி 6187ன்னு எழுதியிருந்தே. எனக்கு வகுத்துப் பார்க்கவே வேண்டியிருக்கலை. நம்ம நம்பர்ல 6187 மீதி வரணும்னா, முன்னால உள்ள 7897ஐ நாலு சைபரோட 7919 முழுசா வகுக்கணும். 7897ஐ 53உம் 149உம் தவிர எவன் வகுப்பான்? சைபரைக் குடுக்கிற பத்தை 2உம் 5உம் தவிர எவன் வகுப்பான்? பொய் சொல்ல ஒரு நம்பர் வேணும்னதும், கூறுகெட்ட பயலுக்குச் சொந்த நம்பர்தான் ஞாபகம் வந்திருக்கு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அப்புறம் அழுதேன். எதுக்காக நீ பொய் எழுதினேன்னு யோசிச்சப்ப, உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு விளங்கிட்டுது. அத்தானை ஏசாதே.

வகுத்தேன். சைபர். ஈவு 9973. நீ அதைப் பார்த்திருக்க மாட்டே, எனக்குத் தெரியும். அழுதா உனக்குக் கண்ணு தெரியாது.

9973 என் பட்டியல்ல இல்லை, நான் ஒன்பதாயிரத்தோட நிறுத்திட்டேன்லா. அதனால 2ல இருந்து 97 வரைக்கும் இருபத்தஞ்சு பகா எண்ணால வகுத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் உட்கார முடியலை, ஒரு நாளைக்கு ரெண்டுதான், மிஞ்சிப்போனா மூணு. பன்னிரண்டு நாள் ஆச்சு. உனக்குப் பதில் எழுதாம இருக்கிறது அதனாலதான். எதிர்ப்பக்கத்துல எல்லாம் இருக்கு, திருப்பிப் போட்டுப் பாரு. ஒன்னாலயும் போகலை. 7919உம் போகாது, அது நான் சலிச்சு எடுத்தது.

நாமதான் தப்பான இடத்துல பிரிச்சு வெச்சிருந்தோம் தம்பி. நான் 7897, நீ 6187ன்னு. அப்படிப் பிரிச்சா ரெண்டும் உடையுது. ஒட்டி வெச்சாத்தான் பொழைப்போம்னு நினைச்சுட்டோம். அது உடையுதுதான். ஆனா உடைஞ்சா ரெண்டே துண்டு, அதுக்கு மேல ரெண்டும் உடையாது. நீ எப்படி இருப்பியோன்னு இருந்துச்சு, இப்ப அந்தக் கவலை எனக்கு இல்லை.

நாளைக்கழிச்சு உனக்கு எழுதுவேன், 7907 சரின்னு. நீ சொன்ன பொய்யை நான் கெடுக்கலை. மிச்சத்தை முடிச்சு உடையலைன்னு நீ எழுதுவே, அதையும் சந்தோஷமா வாங்கிக்கிடுதேன்.

பெரியதை நீ வெச்சுக்கோ. 7919 எனக்குப் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. சாந்தாவைப் படியேற விடாதே.

அக்கா